பன்னிரண்டு நொடி

ஏப்ரல் 22, திங்கள்

ஆபீசுக்கு எழுதுவது பச்சை நோட்டு. அதில் எதை வாங்கினேன், ஏன் வாங்கினேன், அப்போது மனநிலை என்ன என்று தினமும் எழுதி, வெள்ளிக்கிழமை ஆறுச்சாமி சார் மேசையில் வைக்க வேண்டும். ஒன்பது வருஷமாக வைக்கிறேன். ஒன்பது வருஷமாக 'மனநிலை: அமைதி' என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தப் பழுப்பு நோட்டு எனக்கு மட்டும். யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் இதில் உண்மையை எழுதலாம்.

இன்று மூன்றரைக்குச் சந்தை முடிந்ததும் சார் எல்லோரையும் கூப்பிட்டார். எங்களுடையது சின்னக் கம்பெனி. கம்பெனியின் சொந்தப் பணத்தை வைத்து ஒன்பது பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்து பங்கும், பங்கின் விலைமேல் பந்தயம்போலக் கட்டும் ஆப்ஷனும் வாங்கி விற்கிறோம். ஜன்னலோரம் நாலு திரை வைத்த பெரிய மேசையில் சார் இருக்கிறார். அவர் ஜூன் முதல் கண்ணாடி அறைக்குள் போகிறாராம். ஜன்னல் மேசையும் மற்ற எட்டுப் பேரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எங்களில் ஒருவருக்கு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாரோ கலாமணியைப் பார்த்தார்.

கலாமணி இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை பின் அறையில் ரசீது சரிபார்த்துக்கொண்டிருந்தவள். காங்கேயம் பக்கம். வயது முப்பத்துநாலு. அவளுக்கு ஆர்டர் போடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். 'எஃப் ஒன் அடிச்சா வாங்கறது, எஃப் டூ அடிச்சா விக்கறது' என்று அவள் கீபோர்டில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. அது இல்லாமலே இப்போது என்னைவிட வேகமாக அடிக்கிறாள்.

"நாளன்னைக்கு இருந்து தினம் நாலு மணிக்கு ஒரு மணி நேரம் எல்லாரும் போக்கர் ஆடோணும்," என்றார் சார். "கம்ப்யூட்டர்லதான். நம்ம ஒம்போது பேருக்குன்னு தனி மேசை. கட்டற சிப்ஸ் வெறும் விளையாட்டு வில்லை, பைசா பெறாது. காசு வெச்சு ஆடற சைட்டுப் பக்கம் யாராச்சும் போனீங்கன்னா அன்னைக்கே சீட்டுக் கிழிச்சு அனுப்பிருவேன்."

"எதுக்குங்க சார் போக்கர்?" என்று கேட்டேன்.

"சார்ட்டப் பாத்தா மார்க்கெட் தெரியும் வேணி. ஆளு தெரியாது. எனக்கு ஆளத் தெரியோணும்."

ஒன்பது வருஷம் போதவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 24, புதன்

கிரைண்டர் மூன்றாவது நாளாக ஓடவில்லை. கணபதியில் கிரைண்டர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவரின் வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை என்பதை யாரிடம் சொல்வது? கேட்டால் "கடையில பதினாறு மோட்டார் கெடக்குது, இத ஞாயித்துக்கெழம பாக்கறேன்" என்கிறார் இவர்.

போக்கர் ஒன்றும் பிரமாதமில்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு மூடித் தருகிறார்கள். அது நமக்கு மட்டும் தெரியும். பிறகு நடுவில் ஐந்து சீட்டுகள் ஒவ்வொரு கட்டமாகத் திறக்கும். அவை எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு கட்டத்திலும் சிப்ஸ் கட்ட வேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிதாகக் கட்டி மற்றவர்களை மிரட்டியும் ஜெயிக்கலாம். இதைப் படித்ததுமே இது நம் ஆட்டம் என்று நினைத்தேன்.

முதல் மணி நேரத்தில் மூன்று கை ஜெயித்தேன். கலாமணி தொடர்ந்து பதினான்கு கை ஆடவே இல்லை. சீட்டு வரும், பார்ப்பாள், போட்டுவிடுவாள். பதினைந்தாவது கையில் கட்டினாள். நானும் விடவில்லை. என்னிடம் இருந்த சிப்ஸ் எல்லாம் போய்விட்டது.

முதல் நாள்தானே.

ஏப்ரல் 29, திங்கள்

சார் வெள்ளைப் பலகையில் கோடு போட்டு ஒரு பக்கம் போக்கர், மறுபக்கம் டிரேடிங் என்று எழுதினார். சீட்டைப் போடுவது என்பது ஸ்டாப்லாஸ், அதாவது இவ்வளவு நஷ்டம் போதும் என்று விற்றுவிட்டு வெளியே வருவது. சிப்ஸ் என்பது கைமுதல். எல்லாக் கையையும் ஆடுகிறவன் நாள் முழுக்க வாங்கி விற்றுக்கொண்டே இருக்கிறவன். நல்ல சீட்டு வைத்தும் தோற்கலாம், அது தப்பில்லை. மோசமான சீட்டை வைத்துக் கடைசி வரை போய் ஜெயித்தால் அதுதான் தப்பு, ஏனென்றால் நாளையும் அதையே செய்வோம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்குச் சீட்டைப் போட வரவில்லை. மற்ற ஏழு பேர் கட்டினால் போட்டுவிடுகிறேன். கலாமணி கட்டினால் மட்டும் சீட்டைப் போடும் பொத்தான் பக்கம் கை நகர மாட்டேன் என்கிறது. ஒரு தடவையாவது அவள் வெறும் கையோடு மிரட்டுவதைப் பிடித்துவிட வேண்டும். அது தப்பா?

அவளுடைய சிப்ஸ் குவியல் திரையில் நாலு அடுக்காக நிற்கிறது.

மே 3, வெள்ளி

குழாய்த் தண்ணீர் எட்டு நாள் கழித்து வந்தது. துணி துவைத்தேன். கலாமணி ஜெயித்தாள். மனநிலை: அமைதி.

மே 7, செவ்வாய்

டீ நேரத்தில் ஃபெலிக்ஸ், "கலா, இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டான். எதிர் மேசைக்காரன், நல்ல பையன்தான், ஆனால் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொள்வான். ஒரு வருஷம் முன்பு அந்த நாற்காலி என் பக்கம் இருந்தது.

"எங்கப்பா மாட்டுத் தரகருங்க," என்றாள் அவள். "சந்தையில வெலைய வாயில சொல்ல மாட்டாங்க. துண்டுக்குள்ள கையப் புடிச்சு வெரல அமுக்குவாங்க. சுத்தி அம்பது பேர் நின்னாலும் யாருக்கும் தெரியாது."

உடனே எல்லோருக்கும் அதைப் பார்க்க வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி ஃபெலிக்ஸ் கைமேல் போர்த்தி உள்ளே விரலைப் பிடித்தாள். முதல் பிடி பத்து, அடுத்த பிடி ஒன்று. மூன்று விரலைப் பிடித்து, பிறகு நாலு விரலைப் பிடித்தால் முப்பத்துநாலு. சம்மதம் என்றால் எதிராளி ஐந்து விரலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். எந்த விலைக்கு முடிந்தது என்பதை இரண்டு பேரும் வெளியே சொல்லக் கூடாது.

"மூஞ்சியப் பாத்துக் கண்டுபுடிப்பீங்களா?" என்றான் ஃபெலிக்ஸ்.

"மூஞ்சியில பொய் சொல்லீரலாமுங்க. எவ்வளவு நேரங்கழிச்சுத் திருப்பி அமுக்கறாங்கன்னு பாக்கோணும். எங்கப்பா அதத்தான் பாப்பாரு."

ஹாலே கைதட்டியது. சாரும் வந்து கையை நீட்டினார். "அக்கா, நீங்க வாங்க," என்று என்னைக் கூப்பிட்டாள். எனக்குக் கையில் பிஸ்கட் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அக்காவாம். ஒன்பது வயதுதான் வித்தியாசம்.

மே 9, வியாழன்

கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கலாமணி வந்தாள். தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"உங்களுக்கு நல்ல சீட்டு வந்தா ஒரே நொடியில கட்டீருவீங்க. ஒண்ணுமில்லாம மெரட்டோணும்னா மட்டும் யோசிக்கற மாதிரி பன்னெண்டு நொடி எடுக்கறீங்க. எப்பவுமே பன்னெண்டுதானுங்க. நான் எண்ணிப் பாத்தேன். டிரேடிங்ல கூட, தப்பான எடத்துல மாட்டிக்கிட்டா அதே மாதிரி கையக் கட்டிட்டு உக்காந்துக்குவீங்க. மத்தவங்க யாரும் இன்னும் பாக்கலீங்க. மாத்திக்கோங்க."

நன்றி என்றேன். முகத்தை இன்னொரு தடவை கழுவினேன்.

இவள் யார் என்னை எண்ணுவதற்கு? நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. வஞ்சகமாக ஏதாவது செய்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

மே 12, ஞாயிறு

கிரைண்டரை இன்று பார்க்கிறேன் என்றவர் காலையிலேயே சிங்காநல்லூரில் யாருக்கோ மோட்டார் சுற்றித் தரப் போய்விட்டார். பத்து மணிக்குக் கலாமணி வாசலில் நிற்கிறாள். ஸ்கூட்டியில் ஒரு தூக்குப்போசி மாவு. கிரைண்டர் கெட்டுப்போன விஷயத்தை என்றைக்கோ டீ நேரத்தில் உளறியிருக்கிறேன்.

"எங்கூட்டுல சேத்து ஆட்டுனேனுங்க. ரெண்டு நாளைக்கு வரும்."

மத்தியானம் இவர் அந்த மாவில் ஆறு இட்லி சாப்பிட்டார். "பஞ்சாட்ட இருக்குது. யாரு ஆட்டுனது?" என்றார். சொன்னேன். "அந்தப் புள்ளையா! வெவரமான புள்ள. நீ அதுகிட்டக் கேட்டு உளுந்து எவ்வளவு போடுதுன்னு தெரிஞ்சுக்கோ."

இருபது வருஷமாக நான் ஆட்டிய மாவைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாயங்காலம் இவரை உட்கார வைத்துச் சீட்டுக் கட்டில் பயிற்சி செய்தேன். எந்தச் சீட்டு வந்தாலும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மனசுக்குள் எண்ணிவிட்டுத்தான் கட்டுவது என்று பழகினேன். நல்ல சீட்டுக்கும் பன்னிரண்டு, மோசமான சீட்டுக்கும் பன்னிரண்டு. அவள் இனி என்னத்தை எண்ணுவாள் பார்க்கலாம்.

"வெளையாட்டுக்கு எதுக்கும்மா பல்லக் கடிக்கற?" என்றார் இவர். நான் பல்லைக் கடிக்கவில்லை.

மே 16, வியாழன்

பன்னிரண்டு எண்ணும் வித்தை வேலை செய்கிறது. இந்த வாரம் மூன்று நாளும் நான்தான் மேசையில் இரண்டாவது. முதல் இடம் யாருக்கு என்று எழுதத் தேவையில்லை.

இன்று சார் எல்லோர் முன்னாலும் கலாமணியின் பச்சை நோட்டிலிருந்து ஒரு பக்கம் படித்துக் காட்டினார். அதற்கு அவளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் படித்தார். "காலை பத்து இருபது. வாங்கினேன். காரணம்: மற்றவர்கள் வாங்கினார்கள். மனநிலை: பயம். பத்து முப்பத்தைந்து. நஷ்டத்தில் விற்றேன். மனநிலை: வெட்கம், பிறகு நிம்மதி."

"இப்புடி எழுதோணும்," என்றார். "மத்தவங்க நோட்டெல்லாம் கோயில் கல்வெட்டு மாதிரி இருக்குது."

யாரையும் பெயர் சொல்லவில்லை. ஆனால் ஃபெலிக்ஸ் என்னைப் பார்த்தான்.

பயம் என்று எழுதுவதற்கு ஒரு பரிசா? முதல் மாதச் சம்பளத்திலிருந்து இங்கே நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லையே. எழுதியிருந்தால் ஒன்பது வருஷத்துக்கு முன்பே என்னைப் பின் அறைக்கு அனுப்பியிருப்பார்கள். அவள் வந்தபோது காலம் வேறு, அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. அந்த ஆள் நான்.

ஜன்னல் மேசை அவளுக்குத்தான் என்று ஹாலில் பேச்சு.

மே 21, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளை யாராவது கேட்டால் உதவும்.

எங்கள் ஹாலில் ஒரு வழக்கம் உண்டு. அதிகம் புழங்காத பங்கிலோ ஆப்ஷனிலோ ஒருவர் இறங்கினால் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், மற்றவர்கள் அதைத் தொடக் கூடாது. காரணம் இருக்கிறது. நாங்கள் ஒன்பது பேரும் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஆள். ஒருவர் வாங்கப் போட்ட ஆர்டரும் இன்னொருவர் விற்கப் போட்ட ஆர்டரும் மோதினால், தனக்குத்தானே விற்பதாகக் கருதிப் பிந்தி வந்த ஆர்டரை எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டர் ரத்து செய்துவிடும்.

கலாமணி காலையில் ஒரு சிமென்ட் கம்பெனியின் ஆப்ஷன் வாங்கியிருந்தாளாம். "சிமெண்ட்ல நான் இருக்கேனுங்க" என்று கூவினாளாம். நான் அப்போது காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன். இரண்டு மணிக்கு எனக்கும் அதே ஆப்ஷன் மலிவாகத் தெரிந்தது. முப்பத்தொரு ரூபாய்க்கு வாங்க ஆர்டர் போட்டுவைத்தேன். வாங்க நின்றவர்களில் என் ஆர்டர்தான் முதலில் இருந்தது. இரண்டு பத்துக்குக் கம்பெனியின் காலாண்டு ரிசல்ட் வந்தது. மோசம். விலை சரிய ஆரம்பித்தது. கலாமணி விற்கப் போட்டாள். என் ஆர்டரில் மோதியது. ரத்து. மறுபடி போட்டாள், ரத்து.

"ஏனுங்க, கேன்சல் ஆகுது! கேன்சல் ஆகுது!" என்று கத்தினாள். நான் கவனித்ததும் உடனே என் ஆர்டரை எடுத்துவிட்டேன். அதற்குள் வாங்க நின்ற மற்றவர்கள் விலகிப்போய், விலை பாதியாகிவிட்டது. அவளுடைய ஒருநாள் நஷ்ட வரம்பு தாண்டியதால் அவள் ஆர்டர் போடும் டெர்மினல் தானாகப் பூட்டிக்கொண்டது. ஒரு வாரத்துக்குத் திறக்காது.

எனக்கும் நஷ்டம்தான். வேறு யாரோ விற்றதில் இரண்டு லாட், அதாவது இரண்டு கட்டு, என் தலையிலும் விழுந்தது. தெரிந்து செய்கிறவள் தானும் நஷ்டப்படுவாளா?

இன்று போக்கர் நடக்கவில்லை. வரும் வழியில் தக்காளி வாங்கினேன். நாலு அழுகல்.

மே 22, புதன்

சார் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். "கூவுனது கேக்கலையா வேணி?" என்றார்.

"ஹெட்போன்ல இருந்தேனுங்க சார்."

"என்ன கேட்டுட்டு இருந்த?"

"ரிசல்ட் மீட்டிங் ஒண்ணு ஓடுச்சுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டென்று பதில் சொல்லக் கூடாது, தாமதிக்கவும் கூடாது. அந்த அளவு எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். போக்கர் ஏதாவது கற்றுக்கொடுத்திருக்கிறது என்றால் அதுதான்.

"சரி போ," என்றார்.

கலாமணி பூட்டிய டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, பழையபடி ரசீது சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அழுததுபோலத் தெரியவில்லை. என்னிடம், "அக்கா, உங்களுக்கும் ரெண்டு லாட் மாட்டிக்கிச்சாமா, பாவம்," என்றாள்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான்.

மே 24, வெள்ளி

பச்சை நோட்டு வைத்தேன். மனநிலை: அமைதி.

மே 29, புதன்

கலாமணியின் டெர்மினல் திறந்தது. போக்கர் மேசைக்கும் வந்தாள். ஆனால் ஆட்டம் மாறிவிட்டது. மற்ற எல்லோருடனும் முன்புபோலவே ஆடுகிறாள். நான் கட்டினால் மட்டும் உடனே சீட்டைப் போட்டுவிடுகிறாள். நான் பன்னிரண்டு எண்ணினாலும் சரி, இரண்டு எண்ணினாலும் சரி.

ஒரு கை முடிந்தபின் சார் எல்லோருடைய சீட்டையும் திறந்து காட்டினார். என்னிடம் ஒன்றுமில்லை. நடுவில் திறந்ததையும் சேர்த்தால் அவளிடம் மூன்று ராஜா. மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு போட்டிருக்கிறாள்.

"ஏன் கலா?" என்றார் சார்.

"வேணியக்காவோட இப்ப ஆடப் புடிக்கலீங்க சார்," என்றாள் சாதாரணமாக.

ஃபெலிக்ஸ் சிரித்தான். "பயந்துட்டா," என்றான். நானும் சிரித்தேன். நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டான். இதற்குத்தானே ஆசைப்பட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது ஒரு டம்ளர் கை நழுவி உடைந்தது.

மே 31, வெள்ளி

ஜன்னல் மேசை எனக்கு.

சார் நாலு மணிக்குச் சொன்னார். கலாமணிக்குத் திறமை இருக்கிறது, ஆனால் வரம்பு தாண்டியவருக்கு இந்த வருஷம் பொறுப்புத் தர விதி இல்லை என்றார். போக்கரிலும் கடைசி வாரம் நான்தான் முதல். எல்லோரும் கைகொடுத்தார்கள். ஃபெலிக்ஸ் மைசூர்பா வாங்கி வந்தான். இவருக்குப் போன் செய்தேன். "சந்தோசம். கிரைண்டர் சரியாயிருச்சு, புஷ் மாத்தினேன்," என்றார்.

அப்போது கலாமணி துப்பட்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அன்னைக்குப் பிஸ்கட் எண்ணெய்னு சொல்லிட்டீங்க. இன்னைக்காச்சும் கையக் குடுங்க."

எல்லோரும் "குடுங்க, குடுங்க" என்றார்கள். கையை நீட்டினேன். துப்பட்டாவைப் போர்த்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

என் ஒரு விரலைப் பிடித்து அமுக்கினாள். விட்டாள். பிறகு இரண்டு விரலைச் சேர்த்து அமுக்கினாள்.

பிறகு சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"எவ்வளவு, எவ்வளவு?" என்றான் ஃபெலிக்ஸ். "மாடு எவ்வளவுக்குப் போச்சு?"

"அதச் சொல்லக் கூடாதுங்க. அது எங்க ரெண்டு பேருக்குள்ள," என்றாள் கலாமணி.

நான் கையை உருவிக்கொண்டேன். மைசூர்பா தட்டு இடித்துக் கீழே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 1, சனி

விடுமுறை. கிரைண்டர் ஓடுகிறது. மாவு ஆட்டினேன். உளுந்து எவ்வளவு என்று அவளிடம் கேட்கவில்லை.

அவள் ஆர்டர் ரத்தான நேரமும் நான் என் ஆர்டரை எடுத்த நேரமும் நொடிவரை கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். பின் அறையில் ரசீது சரிபார்க்கிறவர்கள் அதைப் பார்க்கலாம். பூட்டிய டெர்மினல் முன்னால் ஒரு வாரம் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தும் சாரிடம் போகவில்லை. போயிருந்தால் ஜன்னல் மேசை அவளுக்குக் கிடைத்திருக்கலாம். சாரும் அந்தப் பதிவைப் பார்த்திருக்கலாம், ஆனால் நொடிக்கணக்கு அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. அந்த எண் எங்கள் இருவருக்கு மட்டும்தான் அர்த்தமாகும்.

அதையும் சொல்லாமல் வைத்துக்கொண்டு என்னைவிட உயரத்தில் நிற்கிறாளே. அதற்கும் பொறாமையாக இருக்கிறது. என்னால் அப்படி நிற்க முடிந்திருக்குமா?

ஜூன் 2, ஞாயிறு

பச்சை நோட்டில் இன்று எழுதியதை இங்கேயும் எழுதிக்கொள்கிறேன். இந்த நோட்டிலும் பொய்தான் எழுதியிருக்கிறேன். யாரும் பார்க்காத நோட்டில் யாருக்காகப் பொய் எழுதினேன் என்று தெரியவில்லை.

"மே 21, திருத்தம். ஹெட்போன் காதில் இல்லை, கழுத்தில் இருந்தது. 'சிமெண்ட்ல நான் இருக்கேனுங்க' என்று கலாமணி கூவியது கேட்டது. ரிசல்ட் இரண்டு பத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும். விற்பதானால் அவள் முப்பத்தொரு ரூபாயில்தான் விற்பாள் என்றும் தெரியும், ஏனென்றால் இத்தனை நஷ்டத்தில் வெளியே வந்துவிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அதனால் அதே விலைக்கு வாங்க ஆர்டர் போட்டேன். அந்த ஆப்ஷன் எனக்கு வேண்டியதில்லை. 'கேன்சல் ஆகுது' என்று அவள் கத்தியபோது என் கை மவுஸ்மேல் இருந்தது. எடுக்கவில்லை. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணினேன். பிறகு எடுத்தேன். மனநிலை: பொறாமை."

ஒன்பது வருஷத்தில் அந்த வரியில் வேறு வார்த்தை எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதும்போது இவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பல்லக் கடிக்கற?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 3, திங்கள்

எட்டேமுக்காலுக்குப் பச்சை நோட்டைச் சார் மேசையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தார். நின்றுகொண்டே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"ஜன்னல் மேசை உனக்கு இல்ல. தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்."

"டெர்மினல் ஒரு மாசத்துக்குப் பூட்டிருவேன். பின் ரூமுக்குப் போய் ரசீது பாரு. அதுக்கப்புறம் உன்ன வெச்சுக்கறதா வேண்டாமான்னு யோசிக்கறேன்."

"சரிங்க சார்."

ஜன்னல் மேசைமேல் வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து வைத்த என் தண்ணீர் பாட்டிலையும் சாமி படத்தையும் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் மேம்பாலம் தெரிகிறது. நல்ல இடம். இனி அது யாருக்குப் போகும் என்று நினைத்ததும் பழையபடி எரிந்தது. அது ஒரே நாளில் போய்விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கலாமணி அப்போதுதான் வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கண்ணாடி அறையில் சார் என் நோட்டோடு நிற்பதைப் பார்த்தாள், என் கையில் பாட்டிலைப் பார்த்தாள்.

"துப்பட்டாவைக் குடு," என்றேன்.

கொடுத்தாள். எங்கள் இரண்டு கைமேலும் நானே போர்த்தினேன். உள்ளே அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். ஃபெலிக்ஸ் எதிர் மேசையிலிருந்து எதற்கு என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று நான் எண்ணவில்லை.

ஒன்பது பதினைந்து. திரையில் விலைகள் ஓட ஆரம்பித்தன.

"அக்கா, கைய விடுங்க," என்றாள் கலாமணி. "எஃப் டூ அடிக்கோணும்."

விட்டேன்.